காந்தக்காவின் நீலக் கோடு

அந்தப் பட்டறையில் கிட்டார் செய்கிறார்கள் என்றால் முதல் தடவை வருகிறவர்கள் நம்பவே மாட்டார்கள். வாசலில் வந்து இறங்குவது அத்தனையும் குப்பை. இடித்த வீட்டுக் கதவு, பள்ளிக்கூடத்தில் கழித்துக் கட்டிய பெஞ்சு, மெஷின் வந்து இறங்கிய மரப்பெட்டி, கால் ஒடிந்த கட்டில். கிட்டார் எங்கே என்று கேட்டால் அந்தக் கட்டிலைத்தான் காட்டுவார்கள். கேட்டவர், நம்மை வைத்து விளையாடுகிறார்களோ என்று ஒரு மாதிரி பார்ப்பார்.

முதலாளியை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு கிட்டார், அதையும் ஆளுக்கு இரண்டு நிமிஷம் தொட்டுவிட்டு அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும் என்பதை வருஷக்கணக்காகப் பார்த்து, வெறுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு வந்தார். அவருக்கு இரண்டு பிடிவாதம். இதற்காக என்று ஒரு மரம்கூட வெட்டுப்படக் கூடாது. கிட்டார் விலை ஒரு சாதாரண சைக்கிள் விலையைத் தாண்டக் கூடாது. மனுஷன் இந்த இரண்டிலும் இம்மி அசைய மாட்டார். பழைய மரம் சொன்னபடி கேட்கும், ஐம்பது அறுபது வருஷம் ஆடி அடங்கிய மரம் இனிமேல் முறுக்கிக்கொள்ளாது, தட்டினால் கணீர் என்று பேசும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பழைய மரத்துக்குள் ஆணியும் இருக்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அது காந்தக்காவின் பாடு.

காந்தக்கா என்பது, காந்தம் மாதிரி இரும்பைத் தேடிப் பிடிப்பதால் பட்டறை வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயரை அவளே மறந்திருப்பாள். பன்னிரண்டு வருஷமாக அவள் செய்கிற வேலை ஒன்றுதான். வந்த மரத்தைக் கழுவி, குறடும் கடப்பாரையும் வைத்துக் கண்ணில் படுகிற ஆணியை எல்லாம் பிடுங்கிவிட்டு, கண்ணில் படாத ஆணியைக் கிளியை வைத்துத் தேட வேண்டும். கிளி என்றால் கைப்பிடி வைத்த டிடெக்டர். பலகை மேல் அதை மெதுவாக ஓட்டினால், உள்ளே இரும்பு இருக்கும் இடத்தில் கீச்சென்று கத்தும். அதில் ஒரு சிவப்பு விளக்கும் உண்டு. எப்போதோ கீழே போட்டதில் விளக்கு செத்துப்போனது. கத்துகிறதே, விளக்கு எதற்கு என்று யாரும் அதைச் சரி பண்ணவில்லை.

கிளி கத்தாத பலகையின் முனையில் காந்தக்கா நீலச் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பாள். அந்தக் கோடு விழுந்த பலகை மூன்று வாரம் காற்றோட்டமான அறையில் அடுக்கில் நின்று காயும். அப்புறம் இழைப்பு மெஷினுக்குப் போகும். இழைத்த பலகையை ஏடு ஏடாக அறுத்து, அடுத்தடுத்த இரண்டு ஏட்டைப் புத்தகம் மாதிரி விரித்து நடுவில் ஒட்டுவார்கள். அது கிட்டாரின் முகம். பக்கப் பலகையை நனைத்துச் சூடான குழாயில் அழுத்தி வளைப்பார்கள். பெஞ்சுக் கால் கழுத்தாகிவிடும். மிஞ்சிய துண்டில் தந்தி தாங்குகிற கட்டை. மரத்தூளைக்கூட வஜ்ரப் பசையில் குழைத்து ஓட்டை அடைப்பார்கள். இத்தனைக்கும் முதல் படி அந்த நீலக் கோடு. கோடு இல்லாத பலகையை மெஷின்காரர் கையால் தொட மாட்டார்.

அந்த மெஷின்காரர்தான் காந்தக்காவின் மாப்பிள்ளை.

முன்பு அதே மெஷினில் நின்றவர் இப்போது ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இடது கண் கண்ணாடிக் கண். காந்தக்கா வேலைக்கு வருவதற்கு முந்தின வருஷம், பலகைக்குள் கிடந்த ஒரு ஆணி கத்தியில் மாட்டி, கத்தித் துண்டு தெறித்தது. அதற்கப்புறம்தான் வாத்தியார் கிளியையே வாங்கினார். சின்ன ஆணி என்றால் கத்தியில் பல் விழுவதோடு போகும். பெரிய ஆணி என்றால் எதிரே நிற்கிறவர் பாடு அதோகதி. அதனால் முகத்துக்கு ஷீல்டு போட வேண்டும் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை ஷீல்டைப் போடுவார், உள்ளே ஆவி படிந்ததும் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொள்வார். யாராவது சொன்னால், அத்தை பார்த்த பலகைதானே என்று சிரிப்பார். அவள் பெருமையோடு கேட்டுக்கொண்டு நிற்பாள். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது அவளுக்கே அவளை அறைய வேண்டும் போலிருக்கிறது.

நடந்தது இதுதான். ஒரு திங்கட்கிழமை காலை, பெஞ்சுப் பலகை ஒன்றின் மேல் கிளியை ஓட்டிக்கொண்டிருந்தாள். பாலிஷ் போடுகிற பெண் எண்ணெய் டப்பாவோடு பின்னால் போனவள் நின்றாள்.

"என்னக்கா, அது அந்தக் கத்து கத்துது, நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கீங்க?"

காந்தக்காவுக்குத் திக்கென்றது. கிளியைப் பார்த்தாள். காதில் ஒன்றுமே விழவில்லை. ஏதோ யோசனை என்று சொல்லி மழுப்பினாள். குறட்டை எடுத்துக் குத்துமதிப்பாக ஒரு இடத்தில் தோண்டினாள். பாலிஷ்காரி இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று கைகாட்டிவிட்டுப் போனாள். அங்கே தோண்டியதில் தலை உடைந்த ஆணி ஒன்று வந்தது.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதுசு போட்டாள். சுத்தியல் மேலேயே கிளியை வைத்துப் பார்த்தாள். அது வாயை மூடிக்கொண்டிருந்தது. ஆனால் அடுத்த மேஜையில் வஜ்ரம் தடவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, எதற்குச் சும்மா கத்தவிடுகிறீர்கள், காது போகிறது என்று அலுத்துக்கொண்டான். காந்தக்கா சட்டென்று கிளியை அணைத்துவிட்டாள்.

காது கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மெஷின் சத்தம் கேட்கிறது, ஆட்கள் பேசுவது கேட்கிறது, தெருவில் போகிற லாரி கேட்கிறது. சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனாள். அடுத்த தெருதான். மகளுக்கு லேசாக உடம்பு சுட்டது. காய்ச்சல் பார்க்கிற குச்சியைக் கக்கத்தில் வைத்துவிட்டு அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக வைத்திருக்கிறாய், எடுத்துப் பார் என்றாள் அம்மா. எப்பவோ பீப் அடிச்சிடுச்சேம்மா, நீ பேச்சை முடிக்கட்டும்னு இருந்தேன் என்றாள் மகள். காந்தக்கா குச்சியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ச்சல் ஒன்றும் பெரிதாக இல்லை. அவளுக்குத்தான் குளிர் எடுத்தது.

ஆக, தடித்த சத்தமெல்லாம் இருக்கிறது. ஊசி மாதிரி மெல்லிசாக வருகிற சத்தம் மட்டும் போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் மெஷின் பக்கத்திலேயே குந்தியிருந்தால் போகாதா? போகிற சத்தம் சொல்லிவிட்டா போகும்?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் உண்மையான பயம் வந்தது. காது போனதைப் பற்றி இல்லை. எப்போது போனது? இந்த வருஷம் வருகிற மரமெல்லாம் சுத்தமாக வருகிறது, கிளிக்கு வேலையே இல்லை என்று அவளே வாத்தியாரிடம் வாய் நிறையச் சொல்லியிருக்கிறாள். அவரும் சந்தோஷப்பட்டார். மரம் எங்கே சுத்தமாக வந்தது? கிளி கத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இவள் கல்லாட்டம் அதன் பக்கத்தில் நின்று கோடு போட்டிருக்கிறாள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இரண்டு மூன்று மாதமாகக் கத்தியில் அடிக்கடி பல் விழுகிறது என்று மாப்பிள்ளை புலம்பிக்கொண்டிருந்தார். கத்தி விற்கிறவன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். பாவம் அந்தக் கடைக்காரன். அந்தப் பல் ஒவ்வொன்றும் அவள் விட்ட ஆணி. இதுவரை விழுந்ததெல்லாம் சின்ன ஆணி என்பது மாப்பிள்ளையின் அதிர்ஷ்டம், வேறென்ன.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எழுந்து அடுத்த தெருவுக்குப் போய், மாப்பிள்ளை, நாளைக்கு மெஷினைப் போடாதீங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அவளைத் திட்டுவதாக இருந்தால் இந்த இடத்தில் திட்டிக்கொள்ளுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அவள் நிலைமையையும் பார்க்க வேண்டும். புருஷன் போன பிறகு இந்த வேலைதான் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது. அந்தப் பட்டறையில் இருபத்திரண்டு பேர், அவள் கோடு போடாமல் ஒருத்தர் கைக்கும் வேலை போகாது. நாளைக்குச் செவிட்டுக் கிழவி என்று ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டால்? அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். உங்கள் உயிரை வைத்துச் சூதாடிவிட்டேன் என்று மகளைக் கட்டியவரிடம் எந்த வாயால் சொல்வது? சம்பந்தியம்மா காதுக்குப் போனால் மகளின் வாழ்க்கை என்ன ஆகும்? இப்படி ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பி, வாய் பூட்டிக்கொண்டது.

சொல்லாமலே சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தாள். காயும் அறையில் அவள் கோடு போட்ட பலகை முந்நூற்று நாற்பது நின்றது. நூலில் ஒரு காந்தத்தைக் கட்டினாள். பலகைக்கு மேல் தொங்கவிட்டால், ஆணி இருக்கிற இடத்தில் காந்தம் ஒரு பக்கமாக இழுக்கும். இதற்குக் காது வேண்டாம், கண் போதும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். ஒரு பலகைக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. மாப்பிள்ளை ஒரு நாளைக்கு இருபது பலகை எடுத்தார். அவளால் ஏழெட்டுக்கு மேல் முடியவில்லை. முதல் நாளே இரண்டு ஆணி கிடைத்தது. இரண்டையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து, குழாயடியில் நின்று வாந்தி எடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். மெஷின் ஓடத் தொடங்கினால் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். பலகை உள்ளே போய் மறுபக்கம் வந்து விழுகிறவரை மூச்சு விட மாட்டாள். ஒரு பலகை வந்து விழும், உயிர் திரும்பி வரும், அடுத்த பலகைக்கு அது மறுபடியும் போகும். ஒரு நாளைக்கு இருபது தடவை செத்துப் பிழைத்தாள். ஷீல்டை இறக்கிவிட்டுக்கொள்ளுங்க மாப்பிள்ளை என்று போய்ச் சொன்னாள். என்ன அத்தை திடீர்னு என்று சிரித்துக்கொண்டே இறக்கினார். அரை மணி கழித்துப் பார்த்தால் ஷீல்டு பழையபடி தலைமேல் இருந்தது. ஸ்டோர்க்காரர் அந்தப் பக்கம் வந்தாலே அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கண்ணாடிக் கண்ணை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை.

புதுப் பலகையும் தேங்கியது. வாத்தியார் வந்து, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது, உடம்புக்கு முடியவில்லையா என்று அன்பாகத்தான் கேட்டார். மரத்தில் ஈரம் அதிகம் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். நம்புகிறவர்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்தது, அதுவும் பயமாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை, கழுத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த தடிமனான சட்டங்களின் முறை வந்தது. ஒரு பெரிய கதவின் நிலைச் சட்டத்தை அறுத்தவை. ஒவ்வொன்றும் நாலு விரல் கனம். இதைத்தான் அவள் வாரம் பூராவும் பயந்துகொண்டிருந்தாள். நூலில் கட்டின காந்தம் மேலாக இருக்கிற ஆணியைத்தான் காட்டும். இரண்டு விரல் ஆழத்தில் கிடப்பது அதற்குத் தெரியாது. நிலைச் சட்டத்தில் அடிக்கிற ஆணியோ விரல் நீளம் இருக்கும். மாப்பிள்ளை முதல் சட்டத்தைத் தூக்கி மெஷின் மேல் வைத்தார். முனையில் அவள் போட்ட நீலக் கோடு. ஷீல்டு தலைமேல். குனிந்து, சட்டம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்த ஒரு கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. நடுவில் ஒரு முக்காலி உருண்டது. மெஷினின் சிவப்புப் பொத்தானில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். மெஷின் முனகி முனகி அடங்கியது. இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னாச்சு அத்தை?"

"எனக்குக் கிளி கத்துறது கேட்கல மாப்பிள்ளை. இந்த அடுக்குல எதையும் நான் கேட்டுப் பார்க்கல."

மாப்பிள்ளைக்கு முதலில் புரியவே இல்லை, விளையாடுகிறாளா என்பது போல லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவள் மேஜையிலிருந்து கிளியை எடுத்து, கடப்பாரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். வாத்தியார் அவளைப் பார்த்தார். அவள் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். கடப்பாரையையும் கிளியையும் சேர்த்து அவள் காதுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார். முகங்கள் இன்னும் சுளித்தன. அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள்.

அப்புறம் கிளியை மெஷின் மேல் கிடந்த சட்டத்தில் ஓட்டினார். காந்தக்கா கிளியைப் பார்க்கவில்லை, பார்த்து என்ன பிரயோசனம்? சுற்றி இருக்கிற முகங்களைப் பார்த்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு முகமும் அசையவில்லை. திருப்பிப் போட்டு இன்னொரு தரம் ஓட்டினார். ஒன்றுமில்லை. சுத்தமான சட்டம்.

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவசரப்பட்டுவிட்டோமே என்றுதான் தோன்றியது. மானமும் போய், பிழைப்பும் போய், கடைசியில் ஒன்றுமே இல்லாத ஒரு கட்டைக்காகவா? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தச் சட்டமும் அந்தப் பக்கம் போய் விழுந்திருக்கும். மனுஷ மனசு அவ்வளவு மட்டமானது.

வாத்தியார் அடுத்த சட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் இல்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. வஜ்ரம் தடவுகிறவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். ஆறாவது சட்டத்தில் பாதி தூரம் போயிருக்கும், பாலிஷ்காரி இரண்டு தோளையும் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினாள். போனவன் திரும்பி வந்தான். ஸ்டோர்க்காரர் வாசலில் நின்றிருந்தார், அவர் கை தானாகப் போய் இடது கன்னத்தைப் பொத்தியது. காந்தக்காவைச் சுற்றி மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

மாப்பிள்ளைதான் உளி வைத்துத் தோண்டினார். முக்கால் விரல் ஆழத்தில் சாய்ந்து கிடந்தது. குறடு போட்டு இழுத்தபோது முனகிக்கொண்டு வெளியே வந்தது, சுண்டுவிரல் கனத்தில், துரு ஏறிய பெரிய ஆணி. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே மரத்தூள் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கவில்லை.

"எந்த நாள்லேருந்து அத்தை?"

போன திங்கட்கிழமையிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். பாலிஷ்காரிகூட ஆமாம், அன்றைக்குத்தான் என்று சாட்சி சொல்லியிருப்பாள். பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொன்னால் எல்லோரும் ஆறுதலாக மூச்சு விட்டிருப்பார்கள், ஒரே ஒரு வாரம்தானே என்று வாத்தியாரும் விட்டிருப்பார், விஷயம் மகளிடம் போகும்போது பாதியாகியிருக்கும்.

"தெரியல மாப்பிள்ளை. மாசக்கணக்கா இருக்கும். கத்தியில பல்லு விழுந்ததெல்லாம் நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தாள், இல்லை. இத்தனை மாதமாக எதன் முன்னால் குனிந்து நின்றோம் என்று இப்போதுதான் அவருக்குக் கணக்கு ஓடியது. உதடு வெளுத்துப்போயிருந்தது. காந்தக்கா அந்த முகத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். நெற்றி, புருவம், இரண்டு கண், கன்னம். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் அவளும் தரையில் உட்கார்ந்தாள்.